புகைபோக்கிக்கு வெள்ளைத் தொப்பி

"ஒரு தேசம் தன் நெருப்பை அளக்கக் கற்றுக்கொள்ளும் அன்றுதான் நாகரிகத்தின் வாசலில் கால் வைக்கிறது."

நாரின் நகரத்து அரசுக் கணப்படுப்புச் சோதனை நிலையத்தில், இயக்குநரின் நாற்காலிக்குப் பின்சுவரில் இந்த வாசகம் பொன்னெழுத்தில் மின்னியது. எழுதியவர் இயக்குநர் தெமிர்கான் அசனோவிச். அதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடாதபடி அவர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே, மேஜைக்கடியில், சந்தையில் வாங்கிய கம்பிச்சுருள் ஹீட்டர் ஒன்று செக்கச்செவேலென எரிந்து அவருடைய முழங்கால்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி ஹீட்டரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அபராதம் போடும் அதிகாரமும் அவருக்கே உண்டு.

"இதுக்கு எத்தனை நட்சத்திரம், ஐயா?" என்று குனிந்து பார்த்துக் கேட்டான் எர்மெக்.

இயக்குநர் காலால் ஹீட்டரை உள்ளே தள்ளினார். "இது தற்காலிக ஏற்பாடு."

"கால் கருகுற வரைக்குமா?"

"எர்மெக்," என்றார் அனார்குல். அவ்வளவுதான் சொன்னார். அவன் வாயை மூடினான், பாதி.

அனார்குல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். எர்மெக் அவருக்கு உதவியாளன், டிரைவர், தலைவலி.

"தெமிர்கான் அண்ணே, குபாத் செத்த அறையைப் பார்க்கணும்."

"அசனோவிச்," என்று மரியாதைக்குரிய தகப்பன் பெயரைச் சேர்த்துத் திருத்தினார் இயக்குநர். "தெமிர்கான் அசனோவிச்."

"சரி அண்ணே. அறை எங்க இருக்கு?"

விஷயம் இதுதான். 'நாரின் பெருமை' என்று, வீட்டைச் சூடாக்கும் ஒரு கணப்படுப்பை இயக்குநர் வடிவமைத்திருந்தார். வரைந்தது அவர், இரும்பை வெட்டி வெல்டிங் செய்தது ஜொல்சு என்ற பட்டறைக்காரன். விதிப்படி அதைச் சோதனை அறையில் நாள் முழுக்க எரித்து, போட்ட நிலக்கரியின் வெப்பத்தில் எவ்வளவு அறைக்குள் நிற்கிறது, எவ்வளவு புகையோடு போகிறது என்று அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அளக்க உட்கார்ந்தவன் குபாத். ஜொல்சுவின் அக்கா சய்க்காலைக் கட்டியவன். சாயங்காலம் அவனைப் பிணமாகத் தூக்கினார்கள். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. கரிப்புகையின் விஷவாயு அப்படித்தான், ஆளைக் கொல்லும்போது அழகாக்கிவிட்டுப் போகும்.

அடுப்பின் வடிவமைப்பு உலகத்தரம், வெல்டிங்கில்தான் ஓட்டை என்று இயக்குநர் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே இன்று பிற்பகல் துணை அமைச்சர் வந்து வடிவமைப்புக்குப் பதக்கம் கொடுப்பார். வெல்டிங் செய்த ஜொல்சு போலீஸ் வண்டியில் பிஷ்கெக் சிறைக்குப் போவான். செத்தவனின் மனைவிக்குக் கணவனும் போய், கூடப்பிறந்தவனும் போக இருந்தான். தம்பியைத் திருப்பிக் கொண்டு வா என்றுதான் சய்க்கால் அனார்குலிடம் வந்திருந்தாள்.

*

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சுப்பட்டை அடித்திருந்தது. நடுவில் 'நாரின் பெருமை', மேலே கழுகுச் சின்னத்துடன், ஏதோ ஒரு மன்னரின் சமாதியைப் போல நின்றது. சுற்றிலும் தெர்மாமீட்டர்கள் தொங்கின. சோதனைக்குத் தேவையான உபகரணங்களின் பட்டியல் கதவில் ஒட்டியிருந்தது: தராசு, தெர்மாமீட்டர்கள், நிலக்கரிக் கூடை, சோதகர். சோதகருக்கு நாற்காலி உண்டா என்பது பற்றிப் பட்டியல் மௌனம் சாதித்தது.

அங்கே காத்திருந்த போலீஸ் கேப்டன் அல்மாஸ், கேஸை எப்படியாவது மத்தியானத்துக்குள் மூடிவிடத் துடிக்கும் இளைஞர். "அக்கா, பார்த்துக்குங்க, ஆனா சீக்கிரம். அமைச்சர் வர்றதுக்குள்ள எனக்கு ஒரு குற்றவாளி தயாரா இருக்கணும்."

"குற்றவாளியா, தயாரா இருக்கிறவனா?" என்றான் எர்மெக்.

அனார்குல் கதவைச் சாத்திப் பார்த்தார். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், நடையில் இருந்தது.

"இது ஏன் வெளிய இருக்கு?"

"உள்ளிருந்து திறந்துவிடக் கூடாது என்பதற்காக," என்றார் இயக்குநர்.

"ஆள் வெளிய வந்துடக் கூடாதுன்னா?"

"வெப்பம் வெளிய வந்துடக் கூடாதுன்னு. ஆளைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை."

புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகட்டின் கைப்பிடியும் நடைச்சுவரில்தான் இருந்தது. அனார்குல் அதை இழுத்துப் பார்த்தார்; எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் இந்தத் தகட்டைத் தெரியாத குழந்தை இல்லை. கங்கு முழுக்கத் தணிந்தபிறகு மூட வேண்டும். அப்போதுதான் சூடு வீட்டில் தங்கும். கொஞ்சம் முன்னாடியே மூடினால் இன்னும் கொஞ்சம் சூடு தங்கும். அந்த இன்னும் கொஞ்சத்துக்கு ஆசைப்பட்டு ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒரு குடும்பம் கதகதப்பாகச் சாகும்.

"போலீஸ் வந்தப்போ தகடு எப்படி இருந்துச்சு?"

"நல்லா திறந்திருந்தது அக்கா," என்றார் கேப்டன். "நானே பார்த்தேன். புகைக்குப் போக வழி இருந்திருக்கு. இருந்தும் ஆள் செத்திருக்கான்னா, அடுப்புல ஓட்டை."

"உங்களுக்கு முன்னாடி உள்ள போனது யாரு?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நான்தான். அன்னிக்கு நான் பக்கத்து ஊர் அத்-பாஷியில ஒரு விருந்துல இருந்தேன். கதவு பூட்டியிருக்கு, குபாத் குரல் கொடுக்கலைன்னு அவன் மனைவி போன் பண்ணவும் ஓடி வந்தேன். அவங்களை வாசல்லயே நிறுத்திட்டு நான் மட்டும் போனேன். பெண்கள் பார்க்கக் கூடாத காட்சி பாருங்க."

"பார்க்கக் கூடாததுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்று எர்மெக் அடுப்பிடம் சொன்னான்.

அனார்குல் முழங்காலிட்டுக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தார். பச்சை பெயிண்டில், இடுப்புக்கும் கீழே, கீறல்கள்.

"பழசு," என்றார் இயக்குநர்.

"பூனைன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்," என்றார் கேப்டன்.

"இந்த உயரத்துக்குப் பூனை வரணும்னா நாற்காலி போடணும். குபாத்துக்கே போடலை," என்றான் எர்மெக். அனார்குல் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். அந்த உயரம் நிற்கிற மனிதனுடையது இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குபாத் கூட இருந்த சாமானெல்லாம்?"

கேப்டன் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். பிளாஸ்க், தேநீர்க் கோப்பை, துணியில் சுற்றிய வட்ட ரொட்டி. ரொட்டியில் ஒரு பக்கம் கால்வாசி காணோம். பசித்தவன் பிய்த்த பெரிய பிளவு. நேர் எதிர்ப்பக்கம், விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு சின்னக் கிள்ளல்.

அனார்குல் அந்தக் கிள்ளலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலியா அக்கா?" என்றான் எர்மெக்.

"எலிக்கு இவ்வளவு அடக்கம் கிடையாது. இது பசிக்குப் பிய்ச்சது இல்லைடா. மரியாதைக்குப் பிய்ச்சது."

வாசலில் தலை நீட்டியவன்கூட ரொட்டியில் ஒரு துளி வாயில் போடாமல் திரும்பிப் போக முடியாது எங்கள் ஊரில். அவசரக்காரன், எதிரி, வரி வசூலிக்கிறவன், எல்லாருக்கும் ஒரே சட்டம். பிய்ப்பான், மெல்லுவான், அப்புறம்தான் போவான்.

"குபாத் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது யாரோ கதவுல நின்னிருக்கான்," என்றார் அனார்குல். "நின்னு, ரொட்டியைத் தொட்டுட்டு, கிளம்பிப் போயிருக்கான்."

"ஞாயித்துக்கிழமை இங்கே எவனும் வர மாட்டான்," என்றார் இயக்குநர் அவசரமாக. "சாவி ரெண்டே ரெண்டு. அவன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"ரொம்ப நன்றி அண்ணே," என்றார் அனார்குல்.

*

காரில் ஏறியதும் எர்மெக் போனை நோண்ட ஆரம்பித்தான். "இயக்குநர் ஐயா நிலையத்தோட இணையப் பக்கத்துல என்னென்ன படம் போட்டிருக்கார் பாருங்க. ஐயா ரிப்பன் வெட்டுறார். ஐயா கரியைத் தொடாம கரியைப் பார்க்கிறார். இது ஞாயித்துக்கிழமை: 'துணை அமைச்சரை வரவேற்கத் தயாராகிறோம்'. பேனர் கட்டின பசங்க வெளிய இருந்து எடுத்து அனுப்பியிருக்காங்க. பொழுது சாயற நேரம்."

படத்தில் பேனர் மிக நன்றாக விழுந்திருந்தது. பின்னால் தெருவின் கூரைகள், அன்று முழுக்கப் பெய்த பனியில். அனார்குல் போனை வாங்கிக் கண்ணருகே வைத்தார்.

"புகைபோக்கிகளைப் பாரு."

"பார்த்தேன். புகைபோக்கி மாதிரி இருக்கு."

"தலையைப் பாருடா."

எர்மெக் பார்த்தான். தெருவில் இருந்த அத்தனை புகைபோக்கியும் கறுத்த மொட்டைத்தலை. அடியில் அடுப்பு எரிகிற வீட்டின் புகைபோக்கி மேல் பனி தங்காது. சோதனை நிலையத்தின் புகைபோக்கி மட்டும் வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட பெரிய மனிதரைப் போல, தலை நிறையப் பனியோடு நின்றது.

"காலையிலேர்ந்து கரி எரிஞ்சதா சொல்ற வீட்டுக்குக் குளிருதாம்," என்றான் எர்மெக் மெதுவாக. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"தகடு மூடியிருந்திருக்கு. இவ்வளவு பனி சேரணும்னா மத்தியானத்துலேர்ந்தே மூடியிருந்திருக்கணும். புகை மேல போகலை. சாயங்காலம் குபாத் பொண்டாட்டியை வாசல்ல நிறுத்திட்டு இயக்குநர் திறந்திருக்கான்."

"அப்ப கேப்டன்கிட்ட படத்தைக் காட்டி முடிச்சிடலாமே?"

"குபாத்தே மூடிக்கிட்டான்னு இயக்குநர் சொல்வான். செத்தவன் மறுக்கப் போறதில்லை. அத்-பாஷியில விருந்து சாப்பிட்டேன்னு சொல்ல அவனுக்குப் பத்துப் பேர் கிடைப்பாங்க. விருந்துல யாரு எப்ப எழுந்து போனான்னு எந்தக் குடிகாரன் பார்த்தான்?"

*

சய்க்கால் வீட்டு முற்றத்தில் துக்கத்துக்குப் போட்ட யூர்ட்டு கூடாரம் இன்னும் நின்றது. உள்ளே பெண்களின் ஒப்பாரி ஏறி இறங்கியது. சய்க்கால் எழுந்து சமையலறைக்கு வந்தாள். கண் வறண்டிருந்தது.

"தம்பியை விட்டாங்களா அக்கா?"

"இன்னும் இல்லை. ஞாயித்துக்கிழமை ரொட்டி நீதான் சுட்டியா?"

அந்தக் கேள்விக்கு அவள் முகம் கோணியது. கணவன் செத்ததைச் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது.

"உப்புப் போட மறந்துட்டேன் அக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்லை. அன்னிக்குன்னு மறந்தேன். கடைசி ரொட்டியை அவர் சப்புன்னு தின்னுட்டுப் போனார்."

"எத்தனை சுட்டே?"

"ரெண்டு. ஒண்ணு அவர் எடுத்துட்டுப் போனார். இன்னொண்ணை வாயில வச்சுப் பார்த்துட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது. மாட்டுக்கு ஊறவச்சுப் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை, வெக்கமா இருந்துச்சு."

அனார்குல் அவளை அழ விட்டார். பிறகு சொன்னார்: "இப்ப இன்னொண்ணு சுடு. உப்புப் போட்டு."

"யாருக்கு?"

"யாருக்குன்னு எனக்கும் தெரியணும். சுட்டதும் நீயே எடுத்துக்கிட்டு என்கூட வரணும்."

"துக்கத்துல இருக்கிறவ வாசல் தாண்டலாமா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் நாலு நாள் சொல்லும். உன் தம்பி உள்ள போனா எத்தனை வருஷம்னு கோர்ட்டு சொல்லும்."

சய்க்கால் மாவுப் பானையைத் திறந்தாள்.

*

நிலையத்தின் முன்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொடியோடு நின்று மூக்கு சிவந்துகொண்டிருந்தார்கள். அறைக்குள் எத்தனை சதவீத வெப்பம் நின்றது என்ற சோதனை எண் அரக்கு முத்திரை வைத்த உறைக்குள், வெல்வெட் தட்டில் இருந்தது. வெளியே போலீஸ் வண்டி. அதற்குள் ஜொல்சு, கை விலங்கோடு, கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி.

"அமைச்சர் கார் பாலம் தாண்டிடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

இயக்குநர் உயரமான வெள்ளைக் கல்பாக் தொப்பியை நேராக்கிக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு விரைந்தார். வாசலில் சய்க்கால் நின்றாள். கறுப்பு முக்காடு, கையில் துணி, துணிமேல் ஆவி பறக்கும் ரொட்டி.

கூட்டம் உறைந்தது. துக்க வீட்டுக்காரி வெளியே வந்ததே அதிர்ச்சி.

"தெமிர்கான் அண்ணே," என்றாள் சய்க்கால், "ரொட்டி தொட்டுட்டுப் போங்க."

தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஊரே பார்க்கிறது. ரொட்டியைத் தள்ளிய கையால் பதக்கம் வாங்க முடியாது. அவர் விளிம்பில் ஒரு நகக்கண் அளவு கிள்ளி வாயில் போட்டு மென்றார். மதிப்பெண் போடாமல் ஆயுளில் எதையும் அவர் வாயில் வைத்ததில்லை.

"பரவாயில்லை," என்றார் பெருந்தன்மையாக. "இந்தத் தடவை உப்பு போட்டிருக்கே."

சய்க்காலின் கையிலிருந்த துணி சரிந்தது. ரொட்டி விழாமல் அனார்குல் கீழே கை கொடுத்தார்.

"போன தடவை எப்ப சாப்பிட்டீங்க அண்ணே?" என்றார் அனார்குல்.

"போன தடவையா? எப்பவோ... ஏதோ கல்யாணத்துல..."

"என் ரொட்டியில உப்பு இல்லாம போனது ஒரே நாள்தான்," என்றாள் சய்க்கால். குரல் உயரவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. "ஒண்ணை மாடு தின்னுது. இன்னொண்ணு அவர் கையில இருந்துச்சு. நீங்க எங்க தின்னீங்க?"

கேப்டன் அல்மாஸ் சங்கடமாக நெளிந்தார். "அக்கா, ரொட்டியை வச்சு எப்படி நான்..."

எர்மெக் முன்னால் வந்தான். கையில் போன், அதில் வெள்ளைத் தொப்பி போட்ட புகைபோக்கி. "விடுங்க கேப்டன், ரொட்டி வேண்டாம். ஐயாகிட்ட நான் அறிவியல் கேக்குறேன். ஐயா, அடுப்புல ஓட்டைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஓட்டை அடுப்புல கரி சரியா எரியாது, பாதி சூடு புகையாவே வீணாப் போகும். அப்ப அந்த உறைக்குள்ள இருக்கிற நம்பர் பொய். நம்பர் நிஜம்னா அடுப்புல ஓட்டை இல்லை. எது ஐயா? ஓட்டையா, நம்பரா?"

"இரண்டும்..."

"ரெண்டும் கிடையாது. அமைச்சர் வர்றார். ஒண்ணு சொல்லுங்க. ஓட்டைன்னு சொல்லுங்க, உறையைக் கிழிச்சுப் போட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கலாம். உங்க அடுப்பு சந்தை அடுப்பை விட மட்டம்னு நானே பேனர் எழுதறேன்."

இயக்குநரின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. பாவம், அவர் கொலைகாரராக இருக்க ஒப்புக்கொள்வார். மட்டமான அடுப்பு வரைந்தவராக இருக்க ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"தொண்ணூற்றொன்று!" என்று கத்தினார். "தொண்ணூற்றொரு சதவீதம்! இந்த நாட்டுல எந்த அடுப்பும் அந்த எண்ணைத் தொட்டதில்லை! ஓட்டையாம், ஓட்டை! ஓட்டை இருந்தா இந்த எண் வருமா? கங்கு செக்கச்செவேல்னு இருக்கும்போதே தகட்டை மூடணும், அந்த நொடி எதுன்னு தெரியணும், அது கலை! மத்தியானம் வரைக்கும் எழுபதைத் தாண்டலை. நான் போய் மூடினேன், ஏறிச்சு! விதியில தகட்டை மூடக் கூடாதுன்னு எங்கே இருக்கு? காட்டுங்க! அளக்கிறவன் மூச்சு விடணும்னு எங்கே இருக்கு?"

"தாழ்ப்பாள்?" என்றார் அனார்குல்.

"அவன் கதவைத் திறந்திருப்பான். எண் இறங்கியிருக்கும்."

"தட்டினானா?"

இயக்குநர் அந்தக் கேள்வியை ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம்," என்றார். "அப்புறம் நின்னுடுச்சு. சம்மதிச்சுட்டான்னு நினைச்சேன்."

பள்ளிப் பிள்ளைகளில் ஒன்று கொடியைக் கீழே போட்டது. சய்க்கால் ரொட்டியைத் துணியில் சுற்றினாள். மிகக் கவனமாக, நான்கு முனையையும் மடித்து. வெளியே துணை அமைச்சரின் கார் வந்து நின்று, கூடத்துக்குள் தெரிந்த முகங்களைப் பார்த்து, யாரும் இறங்காமலே திரும்பிப் போனது.

கேப்டன் அல்மாஸ் விலங்கின் சாவியைத் தேடினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு விலங்கு. அது ஜொல்சுவின் கையில் இருந்தது. ஆகவே வண்டிக்குப் போய் முதலில் அவனை விடுவிக்க வேண்டியிருந்தது.

ஜொல்சு இறங்கி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான். என்ன நடந்தது என்று எர்மெக் சுருக்கமாகச் சொன்னான்: தகடு, தாழ்ப்பாள், அதற்குள்ளே இருந்த மச்சான். ஜொல்சு தலை குனிந்து கேட்டான். சய்க்கால் வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். இனி அவளுக்கு மிச்சம் அந்தத் தோள்தான்.

"என் வெல்டிங்ல ஓட்டை இல்லைன்னு சொல்லிட்டாங்களா அக்கா?"

"சொல்லிட்டாங்கடா. வீட்டுக்கு வா."

இரண்டு எட்டு வைத்தவன் நின்றான். அக்காவைப் பார்க்காமல் எர்மெக்கைப் பார்த்தான்.

"அண்ணே... கடைசியில என்ன நம்பர் வந்துச்சு?"

எப்போதும் பதில் தயாராக வைத்திருக்கும் எர்மெக் அனார்குலைத் திரும்பிப் பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தியொண்ணு," என்றான்.

ஜொல்சு பெருமையில் சிரித்துவிட்டான்.